ஆறாம் வகுப்பு வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

டெல்டா மாவட்டங்களில் தொடக்கக் கல்வியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர்களுக்கும், இங்குள்ள ஆராய்ச்சி நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழு போட்ட தீர்மானத்துக்கு உங்களில் ஓர் அலுவலகம் அனுப்பிய பதில் என் கையில் இருக்கிறது. இரண்டே வரி. ஆராய்ச்சிப் பணிகளைப் புரிந்துகொள்ளும் வயது தொடக்க நிலை மாணவர்களுக்கு இல்லையாம். ஆறாம் வகுப்பிலிருந்து அதற்கான திட்டங்கள் இருக்கின்றனவாம்.

நாங்கள் கேட்டது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒருவர் வயலில் புது நெல் ரகத்துக்குச் சோதனைத் திடல் போட்டிருந்தார்கள். அதைப் பார்க்க விஞ்ஞானிகள் வருகிற அன்றைக்குப் பிள்ளைகளை வரப்பில் கொண்டுபோய் நிறுத்தி, வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காட்ட அனுமதி கேட்டோம். பஸ் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை.

அதற்கு அனுமதி வரவில்லை. அறிவியல் நாளுக்கான சுற்றறிக்கைதான் வந்தது. பிப்ரவரி 28 அன்று தொடக்கப் பள்ளிகளில் விஞ்ஞானிகள் மாறுவேடப் போட்டி நடத்த வேண்டும், படம் எடுத்து அனுப்ப வேண்டும். நடத்தினோம், அனுப்பினோம். டவுனில் வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கோட்டு, பஞ்சு மீசை, கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி. கோட்டு எடுக்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் கைதட்டுவதற்கு உட்கார வைக்கப்பட்டார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு பையன் மேடையேறி, "நான்தான் சர் சி.வி. ராமன்" என்று சொல்லி முதல் பரிசு வாங்கினான். இறங்கி வந்தவனிடம், "ராமன் என்னடா தம்பி பண்ணாரு?" என்று கேட்டேன். "நோபல் பரிசு வாங்கினாரு" என்றான்.

பையன் மேல் தப்பில்லை, நாம் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ராமன் நம் காவிரிக் கரையில், திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர். 1921-இல் கப்பலில் போகும்போது கடல் ஏன் இவ்வளவு நீலமாக இருக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று அதுவரை பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். அவர் சிறிய பட்டகம் ஒன்றை வைத்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் நீலம் போகவில்லை. அப்படியானால் அந்த நிறம் தண்ணீரிலிருந்தே வருகிறது. அந்தக் கேள்வியின் பின்னால் போய்த்தான், ஒரு பொருளில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது என்று அவர் கண்டுபிடித்த 1928 பிப்ரவரி 28 வந்தது. கடல் ஏன் நீலம் என்று நாகப்பட்டினத்தில் ஒரு நாலு வயதுப் பிள்ளை கேட்காமலா இருக்கும்? ஒரு மீசையை ஒட்டிவிட்டு அந்தக் கேள்வியை நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இதையெல்லாம் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் பன்னிரண்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சில வருடங்கள் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணைக்குத் தினக்கூலியாகப் போனேன். நடவும் களையெடுப்பும் போக, கை நிதானமுள்ள சில பெண்களைப் பிரித்துக் கிராசிங் வேலையில் விடுவார்கள். இரண்டு ரகங்களைச் சேர்த்துப் புது விதை எடுக்கிற வேலை அது. விஞ்ஞானி என்ன செய்கிறார் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அவர் பக்கத்தில் நின்று செய்தேன்.

தாய்ச் செடியில் பாதி வெளிவந்த கதிராகப் பார்த்து எடுக்க வேண்டும். நுனியில் ஏற்கெனவே பூத்ததையும் அடியில் ரொம்பப் பிஞ்சாக இருப்பதையும் கிள்ளிப் போட்டுவிடுவோம். மிச்சமிருக்கும் ஒவ்வொரு பூவிலும் உமியின் மேல்பாகத்தைச் சின்னக் கத்தரியால் சாய்வாக நறுக்குவோம், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. உள்ளே ஆறு மகரந்தப் பைகள் இருக்கும். எந்த நெல்லை எடுத்தாலும் ஆறுதான். இடுக்கி முனையால் ஆறையும் உடையாமல் எடுக்க வேண்டும், நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியில் இடுக்கி படக் கூடாது. ஐந்தை எடுத்துவிட்டு ஒன்றை விட்டால் அந்தப் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டுவிடும், வேலை வீண். முடித்ததும் பட்டர் பேப்பர் கவரைப் போட்டு மூடி, இரண்டு ரகத்தின் பெயரும் தேதியும் எழுதிய அட்டையைக் கட்டுவோம். மறுநாள் காலை வெயில் ஏறும்போது தந்தைச் செடியில் பூ விரியும். அந்தக் கதிரை ஒடித்து வந்து கவருக்குள் தட்டினால் மஞ்சள் பொடி உதிரும். திரும்ப மூடிவிட்டு, ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு பிரித்துப் பார்த்தால் சில பூவில் மணி பிடித்திருக்கும், மற்றது பதர். பிடித்த மணி எது என்று தேடவே வேண்டாம், நறுக்கிய உமிக்கு மேலே அரிசி துருத்திக்கொண்டு தெரியும்.

அந்தச் சில மணிகளிலிருந்து ஒரு ரகம் விவசாயி கைக்கு வர பத்து வருடம் வரை ஆகும். இடையில் ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்து, அளந்து, எழுதி, பெரும்பாலானவற்றைத் தூக்கிப் போடுவார்கள். எங்களோடு இருந்த மேடம் முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொரு செடியிலும் தூர், அதாவது அடியிலிருந்து கிளைத்த தண்டுகளை எண்ணி நோட்டில் குறிப்பார். எண்ணியதில் சந்தேகம் வந்தால், "அக்கா, நீங்க ஒருதரம் எண்ணுங்க" என்று என்னிடம் தருவார். என் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போனால்தான் எழுதுவார். அவர் ஒருநாளும் வயலில் வெள்ளைக் கோட்டு போட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் ஏழு வயதுக்குப் புரியாதது எது? ஆறு என்று எண்ணுவதா, தேதி எழுதுவதா, காத்திருப்பதா? மரபணு, குரோமோசோம் எல்லாம் பிறகு வரட்டும். கவனித்துப் பார்ப்பது, எண்ணுவது, குறித்து வைப்பது, இன்னொருவரை விட்டுச் சரிபார்ப்பது, தப்பாகப் போனால் மறுபடி செய்வது: விஞ்ஞானியின் நாளில் பெரும்பகுதி இதிலேயே கழிகிறது. குழந்தைகளும் நாள் முழுக்க இதையேதான் செய்கிறார்கள். எறும்புப் புற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் போய்ப் பாருங்கள்.

எங்கள் சொந்த வயலில் இலை வண்ண அட்டை வைத்துத்தான் யூரியா போடுகிறோம். வேளாண்மைத் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரியும், கல்வித் துறையினருக்காகச் சொல்கிறேன். வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை போட்ட பிளாஸ்டிக் அட்டை அது. பயிரில் நன்றாக விரிந்த மேல் இலையின் நடுப்பாகத்தை அட்டை மேல் வைத்து எந்தப் பச்சையோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். வெயில் நேராகப் படக் கூடாது, பார்ப்பவர் தன் நிழலை அதன் மேல் விழவிட்டு நிற்க வேண்டும். பத்துச் செடியில் பத்து இலை. அதில் ஆறு இலையாவது பயிருக்குப் பரிந்துரைத்த பச்சையைவிட வெளுத்திருந்தால் உரம் போடலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

இரண்டாவது படிக்கிற என் மகன் ஒருநாள் கேட்டான்: "ஏம்மா பத்து இலை? ஒன்னு பாத்தா போதாதா?" நான் பதில் சொல்லவில்லை, அட்டையைக் கையில் கொடுத்தேன். போய் ஒன்றைப் பார்த்தான், பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் வாய்க்கால் ஓரத்தில் ஒன்று. "ஒன்னு மாதிரி ஒன்னு இல்லம்மா" என்றான். அவன் அக்கா வந்து அதே இலையை வைத்துப் பார்த்து வேறு எண் சொன்னாள். இருவருக்கும் சண்டை. ஒரே ஆள்தான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், காலையில் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்று அந்த அட்டையோடு ஏன் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது அந்தச் சண்டையில் இருவருக்கும் விளங்கிவிட்டது. இதைத்தான் புரியும் வயதில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

மாறுவேடப் போட்டி முடிந்த வாரத்தில் எங்கள் ஹெச்.எம். டீச்சர் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து, "ஒரு விஞ்ஞானியை வரையுங்க" என்றார். பெரும்பாலும் கோட்டுப் போட்ட ஆண், கையில் புகை வரும் பாட்டில், தலையில் அப்துல் கலாம் முடி. ஒரு பெண்ணைக்கூட யாரும் வரையவில்லை. இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை என்று டீச்சர்தான் சொன்னார். டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளில் 4,807 குழந்தைகளை இப்படி வரையச் சொல்லி, முடிவை 1983-இல் வெளியிட்டார். அதில் 28 படங்களில்தான் பெண் இருந்தார், அந்த 28-ஐயும் வரைந்தது சிறுமிகள். பிறகு வந்த பத்தாண்டுகளில் அமெரிக்கக் குழந்தைகளின் படங்களில் பெண்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் சேம்பர்ஸ் கவனித்த இன்னொரு விஷயம்தான் உங்களுக்கு முக்கியம். கோட்டு, கண்ணாடி, தாடி என்ற அந்த உருவம் தொடக்க வகுப்புகளிலேயே வரத் தொடங்கி, வகுப்பு ஏற ஏறக் கெட்டிப்படுகிறது. ஆறாம் வகுப்பில் ஆரம்பிக்கலாம் என்று நீங்கள் காத்திருக்கும்போது, அந்தப் படம் பிள்ளையின் மனதில் ஏற்கெனவே வரைந்து முடிந்துவிடுகிறது.

எங்கள் பள்ளியில் படிக்கும் பெண்பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வருடம் ஆராய்ச்சிப் பண்ணைச் சேற்றில் நின்றவர்கள். அந்தப் பிள்ளைகள்தான் பெண் இல்லாத படம் வரைகிறார்கள். எனக்கு இது தாங்கவில்லை.

வானவில் மன்றத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய நல்ல திட்டம் அது. செய்து பார்த்துக் கற்பதற்காக ஆட்கள் பள்ளிக்கே வருகிறார்கள். ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் செயல்பாடுகள் கூடியிருக்கின்றன, அதுவும் உண்மை. அதில் விஞ்ஞானி என்ற ஆள் எங்கே வருகிறார்? புத்தகத்தில் படமாகவும், பிப்ரவரியில் பஞ்சு மீசையாகவும் வருகிறார்.

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 1925-இல் கும்பகோணத்தில் பிறந்தார். அவர் அப்பா அந்த ஊரில் அறுவை மருத்துவர். அப்போது கும்பகோணத்தில் யானைக்கால் நோய் பெரும்பாடு. அதைப் பரப்பும் கொசு சாக்கடையிலும் குட்டையிலும் பெருகுகிறது என்பதால், ஊர் மக்களைத் திரட்டி அவற்றைச் சுத்தம் செய்ய வைத்தார் அப்பா. முடியாது என்று நினைத்த வேலையை ஊர் சேர்ந்து முடித்ததைத் தன் மனதில் பதிந்த பாடமாகச் சுவாமிநாதன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த அப்பா இறந்தபோது மகனுக்குப் 11 வயது. ஆகவே அவர் பார்த்ததெல்லாம் அதற்கு முன்பு பார்த்ததுதான். உங்கள் கணக்குப்படி அவருக்கும் புரியும் வயது வந்திருக்கவில்லை.

அதுவும் நாம் இருக்கும் இடம் எது? ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி 1922-லிருந்து நடக்கிறது. நம் தாத்தாக்கள் குறுவைப் பருவத்துக்குப் போட்ட ஆடுதுறை 27-லிருந்து இன்றைய ஆடுதுறை 53 வரை வீட்டு உலையில் கொதிப்பதில் பலவும் அங்கிருந்து வந்த ரகங்கள்தான். தஞ்சாவூரை அடுத்த காட்டுத்தோட்டத்தில் மண்ணையும் நீரையும் ஆராய ஒரு நிலையம். தஞ்சாவூரில் உணவு பதப்படுத்தும் தொழில்நுட்பத்துக்கு ஒரு தேசிய நிறுவனம். அது 1960-களின் கடைசியில் மழையில் நனைந்த குறுவை நெல்லை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து முளைத்தது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம். காரைக்காலில் புயலைப் பார்க்கும் டாப்ளர் ரேடார். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவையைப் பிடித்து, எடை பார்த்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். அதே வளையத்தோடு அந்தப் பறவை வேறு ஊரில் அகப்பட்டால் எங்கே போய் வந்தது என்று தெரிந்துவிடும். இதை ஒரு யு.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள், பறவைக்கு வலிக்குமா என்ற கேள்வியோடு உங்களை விடாது. (புயல் என்றால் நம் பிள்ளைகளுக்கு நாளைக்கு லீவா இல்லையா என்பதுதான். அந்த லீவை அவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் ஆள் யார் என்றாவது காட்டலாம் இல்லையா!)

அவ்வளவு ஏன், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு அப்பாவோடு போன எந்த டெல்டாப் பிள்ளைக்கும் ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்றால் என்னவென்று தெரியும். அந்தச் சின்ன மெஷினில் நெல்லைப் போட்டதும் அப்பா முகம் மாறுவதைப் பார்த்து வளர்கிறார்கள். அது எப்படி ஈரத்தை அளக்கிறது, ஈரம் கூடினால் நெல் ஏன் கெடுகிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள்தான் இல்லை.

இனி ஆராய்ச்சி நிலையக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வயல்விழா நடத்துகிறீர்கள். பந்தல், நாற்காலி, டீ, விவசாயிகளுக்குக் கையேடு. வேலியோரம் நின்று எட்டிப் பார்க்கும் பிள்ளைகளை, "போங்கடா, ஸ்கூலுக்குப் போங்க" என்று விரட்டுவது உங்கள் ஆட்கள்தான், நானே பார்த்திருக்கிறேன். அன்று பள்ளியிலிருந்தே அவர்களை முறைப்படி அழைத்து வந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

பாதுகாப்பு என்பீர்கள். நியாயமான கேள்வி, எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு. மருந்தடித்த வயல் பக்கம் பிள்ளைகளை விடச் சொல்லி எந்தத் தாயும் கேட்க மாட்டாள். என்றைக்கு மருந்தடித்தது, எத்தனை நாள் தள்ளிப் போக வேண்டும் என்பது உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. பாம்பு, பூச்சி என்றால், அதே வரப்பில்தான் அவர்கள் தினமும் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். வேனும் காப்பீடும் அலுவலக உத்தரவும் வேண்டும் என்றால் அதற்கான படிவத்தைக் கொடுங்கள், நிரப்பித் தருகிறோம். பிள்ளைகளைக் கூட்டிப்போக மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் தயாராக இருக்கிறோம்.

எங்கள் கோரிக்கைகளை எழுதிவிடுகிறேன்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர் எல்லைக்குள் நடக்கும் சோதனைத் திடலையோ ஆராய்ச்சி வேலையையோ பார்க்க, தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் சேர்ந்தே முடிவெடுக்கலாம் என்று ஓர் உத்தரவு வேண்டும். ஒவ்வொரு முறையும் மேலே எழுதிக் காத்திருந்தால் பயிர் அறுப்புக்கு வந்துவிடும்.

ஒவ்வோர் ஆராய்ச்சி நிலையமும் வருடத்தில் சில நாட்களைச் சின்ன வகுப்புகளுக்கென்று ஒதுக்க வேண்டும். ஹாலில் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்ட வேண்டாம். அன்றைக்கு என்ன வேலை நடக்கிறதோ அதைக் காட்டினால் போதும். தூர் எண்ணுகிற நாள் என்றால் பிள்ளைகளும் எண்ணட்டும். பெண் விஞ்ஞானிகள் இருக்கும் இடத்தில் அவர்களே பேசட்டும், கூடவே கிராசிங் செய்யும் கூலிப் பெண்களும் பேசட்டும். பாதி வேலை எங்களுடையது.

அறிவியல் நாளுக்கு மாறுவேடப் போட்டியை நிறுத்துங்கள். படம் எடுத்து அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், பிள்ளைகள் கண்டுபிடிக்க நினைத்த ஒரு கேள்வியையும், அதற்காக அவர்கள் எண்ணி அளந்து எழுதிய தாளையும் படம் எடுத்து அனுப்புகிறோம். அதற்குக் கோட்டு வாடகை இல்லை.

ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஓர் இலை வண்ண அட்டை, ஒரு மழைமானி, கைக்கு ஒன்றாக உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுங்கள். பீரோவில் வைத்துப் பூட்டக் கூடாது என்று சேர்த்தே எழுதுங்கள், எங்கள் பள்ளிகளின் பழக்கம் தெரிந்துதான் சொல்கிறேன்.

கடைசியாக, எங்கள் தீர்மானத்துக்குப் புதிய பதில் எழுத்தில் வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நடவு முடிந்து ஆகஸ்டில் பூக்கும். அதற்கு முன்பே அனுமதி கையில் இருக்க வேண்டும். அதில் நேரத்தைக் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை என்று தெளிவாகப் போடுங்கள். பள்ளி நேரம் கெடுகிறது என்று மாலைக்கு மாற்றிவிடாதீர்கள், மாலையில் நெல் பூத்திருக்காது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று, காவிரி டெல்டா